ஃப்ரீ ராடிக்கல் பயமும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும்

மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே ஆட்கள் கேட்டு வாங்குகிற மாத்திரைகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூலும் ஒன்று. எதற்குங்க என்று கேட்டால், "உடம்புல ஃப்ரீ ராடிக்கல் சேர்ந்துடுமாம், அதை வெளியேத்தணும்னு யூடியூப்ல சொன்னாங்க" என்பார்கள். சிலருக்கு முகம் பளபளக்க வேண்டும், சிலருக்கு முடி கொட்டக் கூடாது, சிலருக்கு கேன்சர் வந்துவிடக் கூடாது. இவர்களில் தினமும் சிகரெட் பிடிக்கிற அண்ணன்மார்களும் உண்டு. "புகையை விட முடியல, அதுக்கு ஈடா இதையாவது போட்டுக்கறேன்" என்று வாங்குவார்கள். கடையில் நிற்கிற பார்மசிஸ்ட் என்ற முறையில் இந்தக் கடைசி வகை ஆட்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர்களுக்கு அந்தக் கேப்ஸ்யூலில் இருக்கிற பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தருகிற பொருள்) உதவாது என்பதோடு போகவில்லை, கெடுதலே செய்யும் என்று பெரிய ஆராய்ச்சிகளில் தெரிந்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு.

முதலில் இந்த ஃப்ரீ ராடிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் இருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் ஒன்று போய், ஒற்றை எலக்ட்ரானோடு ஒரு மூலக்கூறு நின்றுவிட்டால் அதுதான் ஃப்ரீ ராடிக்கல். ஒற்றையாக நிற்பது அதற்கு ஆகாது, பக்கத்தில் இருக்கிற மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். அது சரியாகிவிடும், ஆனால் பறிகொடுத்தது இப்போது ஒற்றையாகிவிட்டது, அது அடுத்ததில் கை வைக்கும். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கதைதான், பற்றாக்குறை கைமாறிக்கொண்டே போகும், தீராது. இரண்டு ராடிக்கல்கள் நேருக்கு நேர் சந்தித்து ஜோடி சேர வேண்டும், இல்லையென்றால் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்த பிறகும் அடங்கி இருக்கக்கூடிய ஒரு மூலக்கூறு குறுக்கே வர வேண்டும், அப்போதுதான் அந்தச் சங்கிலி அறும். அப்படிக் குறுக்கே வருகிற ஆள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.

இப்படி ஒரு சமாச்சாரம் தனியாக நிலைத்து நிற்க முடியும் என்பதையே வெகுகாலம் வேதியியல்காரர்கள் நம்பவில்லை. 1900-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் என்பவர் வேறு ஏதோ ஒரு சேர்மத்தைத் தயாரிக்கப் போய், டிரைஃபினைல்மெத்தில் என்கிற ராடிக்கலைக் கண்டுபிடித்தார். உக்ரைன் பக்கத்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அப்போது இது உடம்புக்குள் நடக்கிற விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்தச் சங்கிலியைக் கண்ணால் பார்க்க முடியாது, மூக்கால் கண்டுபிடிக்கலாம். அடுப்புப் பக்கத்தில் மூடாமல் வைத்த கடலை எண்ணெய், டப்பாவின் அடியில் மறந்துபோன முறுக்கு, பழைய நிலக்கடலை, இவற்றில் ஒரு சிக்கு வாடை வருமே, அது ராடிக்கல் சங்கிலி நடந்து முடிந்த இடம். எண்ணெயில் இருக்கிற லினோலிக் அமிலத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஹைட்ரஜன் அணு லேசாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சமோ சூடோ துளி இரும்போ செம்போ பட்டால் அது கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் வந்து உட்காரும், அது பக்கத்து அமிலத்தின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அது அடுத்ததை, இப்படியே போய்க் கடைசியில் கொழுப்பு துண்டு துண்டாக உடைந்து ஹெக்ஸனால் மாதிரியான ஆல்டிஹைடுகள் வெளியே வரும். நம் மூக்கு பிடிப்பது அதைத்தான். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நாள்பட நிற்பதற்குக் காரணம், எள்ளில் இருக்கிற செசமால், செசமோலின் போன்ற பொருட்கள் இந்தச் சங்கிலியை நடுவில் அறுப்பதுதான். பஜ்ஜிக்கடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காய்கிற எண்ணெயில் இதெல்லாம் பல மடங்கு வேகத்தில் நடக்கிறது. அதனால்தான் பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்று சொல்லப்படும் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதி வைத்திருக்கிறது. அந்த விதி எல்லாக் கடைகளிலும் நடைமுறையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, எண்ணெய்க்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? நம் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கிற சவ்வு இதே மாதிரி கொழுப்பு அமிலங்களால் ஆனதுதான். அங்கேயும் இதே சங்கிலி நடக்கும். அதை அறுக்கத்தான் வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தன் ஹைட்ரஜனைக் கொடுத்து ராடிக்கலை அடக்கிவிட்டு, தான் ஒரு சோம்பேறி ராடிக்கலாக மாறி நிற்கும், அதை வைட்டமின் சி வந்து பழையபடி ஆக்கிவிடும். இவ்வளவு அழகான ஏற்பாட்டைப் படித்துவிட்டுத்தான் "அப்போ ஈயையும் சியையும் நிறைய முழுங்கினால் நல்லதுதானே" என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. படித்தவர்களுக்கும் வந்தது. இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங்கே வைட்டமின் சியைக் கிராம் கணக்கில் சாப்பிடச் சொன்னவர்.

ராடிக்கல்கள் உடம்பில் எங்கிருந்து வருகின்றன என்றால், பெரும்பகுதி நாம் விடுகிற மூச்சிலிருந்துதான். செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் சாப்பாட்டிலிருந்து எடுத்த எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி வந்து கடைசியில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. வழியில் சில எலக்ட்ரான்கள் கசிந்து நேராக ஆக்ஸிஜனில் ஒட்டிக்கொள்ளும், அப்போது பிறப்பது சூப்பராக்ஸைடு. இது நோயல்ல, உயிரோடு இருக்கிற எல்லோருக்கும் எந்நேரமும் நடப்பது. இதைச் சமாளிக்க உடம்பு ஒரு நொதி வைத்திருக்கிறது. 1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய ஆசிரியர் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அதைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது என்னவென்றால், அந்தப் புரதம் 1938-லேயே மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. செம்பு இருக்கிற ஒரு நீலப்பச்சைப் புரதம், அவ்வளவுதான் தெரியும், அதற்கு என்ன வேலை என்று முப்பது வருஷமாக ஒருவருக்கும் தெரியவில்லை. மாணவர் ஒருவர் வந்து, சூப்பராக்ஸைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் ஆக்ஸிஜனாகவும் மாற்றுவதுதான் இதன் வேலை என்று காட்டினார். சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு அடுத்த தலைவலி. அதை உடைக்கிற நொதி கேட்டலேஸ். இது வேலை செய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சிராய்ப்பு பட்ட முழங்காலில் நர்ஸ் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினதும் புசுபுசுவென்று வெள்ளை நுரை பொங்கும். காயத்தில் கசிகிற ரத்தத்தில் இருக்கிற கேட்டலேஸ் அதைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைப்பதால் வருகிற குமிழிகள் அவை. அதே பெராக்ஸைடை ரத்தமில்லாத நல்ல தோலில் ஊற்றினால் அவ்வளவாக நுரைக்காது. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான பெராக்ஸைடு மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். இது போதாதென்று குளுட்டாதையோன் என்கிற பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்கிற இன்னொரு நொதிக் கூட்டமும் இருக்கிறது. ஆக, உடம்பின் முதல் காவல் இந்த நொதிகள்தான். கடையில் விற்கிற கேப்ஸ்யூலை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

இந்தக் காவலைத் தாண்டித் தப்பிய பெராக்ஸைடு, எங்கேயாவது கட்டில்லாமல் கிடக்கிற இரும்பைச் சந்தித்தால்தான் ஆபத்து. அப்போது ஹைட்ராக்ஸில் ராடிக்கல் பிறக்கும். இரும்பும் பெராக்ஸைடும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஹென்றி ஃபென்டன் என்பவர் 1894-லேயே எழுதிவைத்துவிட்டார். ஹைட்ராக்ஸில் ராடிக்கல்தான் இருக்கிறதிலேயே மூர்க்கமானது. அது உயிரோடு இருக்கிற நேரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான். பிறந்த இடத்திலேயே, கைக்கு எட்டினதை அடித்துவிட்டுப் போய்விடும், அது டிஎன்ஏவாக இருந்தால் டிஎன்ஏ, புரதமாக இருந்தால் புரதம். எக்ஸ்-ரே, காமா கதிர்கள் உடம்பைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான், கதிர் தண்ணீர் மூலக்கூறைப் பிளந்து ஹைட்ராக்ஸிலை உண்டாக்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு அற்ப ஆயுசு உள்ள பொருள் எப்படி உடம்பில் "சேரும்"? சேராது. குடலில் தங்கியிருக்கிற கழிவு மாதிரி அதை "வெளியேற்ற" முடியாது. சேர்வது அது அடித்துவிட்டுப் போன சேதம்தான், அதுவும் சரிசெய்யப்படாமல் விடுபட்ட சேதம். டிஎன்ஏவில் தினமும் நடக்கிற இந்த மாதிரி சேதங்களைத் தேடித் தேடி வெட்டி ஒட்டுவதற்கென்றே செல்லுக்குள் தனி நொதிகள் உண்டு. "ஏழே நாளில் ஃப்ரீ ராடிக்கலை வெளியேற்றும் ஜூஸ்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

சேதம் எங்கே மிஞ்சுகிறது என்றால், ராடிக்கல்கள் வெளியிலிருந்து கொட்டப்படும் இடத்தில். சிகரெட்டின் ஒரே ஒரு இழுப்பில் லட்சம் கோடிகளில் நூற்றுக்கணக்கில் எண்ணும்படியான ராடிக்கல்கள் இருக்கின்றன. விறகடுப்புப் புகை, வண்டிப் புகை, குப்பை எரிகிற புகை எல்லாம் அந்த வகையறாதான். ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்துவிட்ட எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு, எண்ணெய் சிக்குப் பிடிக்கிற மாதிரி ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால், அதை வெள்ளையணுக்களின் ஒரு வகை விழுங்கி, விழுங்கி, கொழுப்பு நுரை நிரம்பிய செல்லாக அங்கேயே தங்கிவிடும். மாரடைப்புக்குக் காரணமான படிவு அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மூப்புக்கும் இதுதான் காரணம் என்று முதலில் சொன்னவர் டென்ஹாம் ஹார்மன். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர், பிறகு மருத்துவம் படித்தார். 1954 நவம்பரில் பெர்க்லியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது இந்த எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார், 1956-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதே 1954-ல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற பெண் விஞ்ஞானி, அதிக ஆக்ஸிஜன் உடம்பைக் கெடுப்பதும் எக்ஸ்-ரே கெடுப்பதும் ஒரே வழியில்தான், ராடிக்கல் வழியில்தான் என்று எழுதியிருந்தார். அவர் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை, சொல்லப்பட வேண்டிய பெயர்.

ஹார்மன் சொன்னதைப் படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு வந்த சோதனைகள் அவ்வளவு எளிதாக ஒத்துப்போகவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழ்கிற, முடியே இல்லாத நேக்கட் மோல் ராட் என்றொரு எலி இனம் இருக்கிறது. சுண்டெலி இரண்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகும், இது முப்பது வருஷத்துக்கு மேல் வாழும். அதன் உடம்பை ஆராய்ந்தால் சின்ன வயதிலிருந்தே ஆக்ஸிஜனேற்றச் சேதம் சுண்டெலியைவிட அதிகம்! ஆய்வகங்களில் வளர்க்கிற சி. எலிகன்ஸ் என்ற குட்டிப் புழுவில், மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சீக்கிரம் சாக வேண்டிய புழு கூடுதல் நாள் வாழ்ந்தது. கொஞ்சம் ராடிக்கல் இருப்பது செல்லை உஷார்ப்படுத்தி அதன் சொந்தக் காவலைப் பலப்படுத்துகிறது என்பதுதான் இதற்கு இப்போது சொல்லப்படுகிற விளக்கம்.

அப்புறம், உடம்பு வேண்டுமென்றே ராடிக்கல் செய்கிற இடங்களும் இருக்கின்றன, இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதே இல்லை. கிருமியை விழுங்கின வெள்ளையணு அதைக் கொல்ல சூப்பராக்ஸைடைத்தான் பொழிகிறது. அதைச் செய்கிற நொதி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள், அந்த நோய்க்கு குரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ் என்று பெயர். வெள்ளையணுக்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கும், கிருமியை விழுங்கவும் செய்யும், ஆனால் கொல்ல முடியாது. மற்ற குழந்தைகளை ஒன்றும் செய்யாத பூஞ்சையும் பாக்டீரியாவும் இவர்களுக்கு நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும், அடிக்கடி ஆஸ்பத்திரி வாசம்தான். ஃப்ரீ ராடிக்கலே இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தக் குழந்தைகளின் கஷ்டத்தைப் பார்த்தால் போதும். ரத்தக் குழாயைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிற நைட்ரிக் ஆக்ஸைடும் ஒரு ஃப்ரீ ராடிக்கல்தான். அதன் இந்த வேலையைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூன்று பேருக்கும் 1998-ல் நோபல் கொடுத்தார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருவோம்.

பின்லாந்தில் 1985-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கிற 29,133 ஆண்கள். சிலருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை. ஐந்திலிருந்து எட்டு வருஷம் வரை கொடுத்தார்கள். கேரட், கீரை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் கேன்சர் குறைவாக வருகிறது என்று அதற்கு முன்பே தெரிந்திருந்ததால், பீட்டா கரோட்டின் போட்டவர்களுக்குக் குறையும் என்று நம்பித்தான் ஆரம்பித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் போட்டவர்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் அதிகம், மொத்த மரணமும் 8 சதவீதம் அதிகம்.

ஒருவேளை தற்செயலாக இருக்குமோ என்று எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவில் கேரட் என்ற பெயரிலேயே இன்னொரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது, புகைபிடிக்கிறவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்கள் என்று 18,314 பேர். இவர்களுக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும். 1996 ஜனவரியில் அதைத் திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். மாத்திரை போட்டவர்களுக்கு நுரையீரல் கேன்சர் 28 சதவீதம் அதிகம், மரணம் 17 சதவீதம் அதிகம். தொடர்ந்து கொடுப்பது தவறு என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இதில் என் மனதில் தைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. பின்லாந்து ஆராய்ச்சியிலேயே, ஆரம்பத்தில் யார் யாருக்குச் சாப்பாட்டிலிருந்து கிடைத்த பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்ததோ அவர்களுக்கு நுரையீரல் கேன்சர் குறைவாகத்தான் வந்தது. அதே பொருள், அதே ஆட்கள். தட்டில் காய்கறியாக வந்தபோது ஒரு மாதிரி, உருவி எடுத்து அதிக அளவில் மாத்திரையாக வந்தபோது வேறு மாதிரி. காய்கறி சாப்பிடுகிறவரின் உடம்பில் பீட்டா கரோட்டினோடு இன்னும் நூறு பொருள் போகிறது, அவருடைய மற்ற பழக்கங்களும் வேறாக இருக்கும், நன்மை செய்தது எது என்று அந்த ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை கெடுதல் செய்ததற்குச் சொல்லப்படுகிற ஒரு காரணம், சிகரெட் புகையும் ஆக்ஸிஜனும் நிறைந்த நுரையீரலில் அதிகப்படியான பீட்டா கரோட்டினே ஆக்ஸிஜனேற்றமடைந்து உடைந்து வேண்டாத பொருட்களை உண்டாக்குகிறது என்பது. ஆறுதலான செய்தியும் உண்டு, மாத்திரையை நிறுத்திய பிறகு சில வருஷங்களில் அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்துபோனதை பின்லாந்துக்காரர்கள் தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

புகை பிடிக்காதவர்களுக்கு? அமெரிக்காவில் 22,071 ஆண் டாக்டர்களை வைத்து பன்னிரண்டு வருஷம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் புகை பிடிக்காதவர்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. காசுதான் மிச்சமில்லை.

வைட்டமின் ஈ விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பச்சை நிற 400 மில்லிகிராம் கேப்ஸ்யூல் நம் ஊரில் கிட்டத்தட்ட மளிகைச் சாமான் ஆகிவிட்டது. ஊசியால் குத்தி முகத்தில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பற்றி நான் பேசவில்லை. வருஷக்கணக்கில் தினம் ஒன்று விழுங்குகிறவர்களைப் பற்றித்தான். செலக்ட் என்ற ஆராய்ச்சியில் 35,533 ஆண்களைப் பிரித்து, சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்குச் செலினியம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள், வைட்டமின் ஈ அளவு தினம் 400 யூனிட். பிராஸ்டேட் கேன்சரைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு. பலன் இல்லை என்று 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள், 2011-ல் கணக்குப் பார்த்தபோது வைட்டமின் ஈ மட்டும் போட்டவர்களுக்குப் பிராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் அதிகமாக இருந்தது. டாக்டர் ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு. "சும்மா நல்லதுதானே" என்று அப்பாவுக்கு வருஷம் முழுக்க வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கும் ஒன்று. உடற்பயிற்சி செய்யும்போது தசையில் ராடிக்கல் அதிகமாகும், அது உண்மை. அதனால் பயிற்சியோடு சேர்த்து வைட்டமின் சி, ஈ போடச் சொல்வார்கள். 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களை வைத்து நாலு வாரம் சோதித்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் சேர்த்துப் போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பயிற்சியில் பிறக்கிற ராடிக்கல்தான் தசைக்கு "மாறிக்கொள்" என்று சொல்கிற சமிக்ஞை, மாத்திரை அதன் வாயை அடைத்துவிட்டது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிற நம் ஊரில் இது சாதாரண விஷயமல்ல.

கேன்சருக்குக் கதிர் சிகிச்சை எடுக்கிறவர்களின் வீட்டார் வந்து "உடம்பு தேறணும், நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் குடுங்க" என்று கேட்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும், அக்கறையில்தானே கேட்கிறார்கள். ஆனால் கதிர் சிகிச்சை கேன்சர் செல்லைக் கொல்வதே பெரும்பாலும் ராடிக்கலை வைத்துத்தான். சிகிச்சை நடக்கும்போது அதிக அளவு ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டால் அது கேன்சர் செல்லுக்கும் குடை பிடிக்குமோ என்ற கவலை மருத்துவர்களுக்கு உண்டு. அதனால் சிகிச்சை தருகிற டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது, நான் கொடுப்பதும் இல்லை.

இனி இதற்கு நேரெதிரான பக்கம். உடம்பின் காவல் உண்மையிலேயே குறைவாக இருக்கிறவர்களும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இருப்பதாகக் கணக்கு, ஆண்களுக்கு அதிகம். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, குளுட்டாதையோனைப் புதுப்பித்துக்கொள்ள இந்த நொதியைத்தான் நம்பியிருக்கிறது. இது குறைவாக இருந்தால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. மலேரியாவுக்குக் கொடுக்கிற பிரைமாகுயின் மாதிரி ஒரு மருந்து உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். பீரோவில் துணிக்கு நடுவில் போடுகிற பாச்சை உருண்டையும் இப்படிச் செய்யும். அந்துருண்டை என்றும் சொல்வோமே, அதுதான். அதில் இருக்கிற நாஃப்தலீன் பச்சைக்குழந்தையின் உடம்பில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும், ஜி6பிடி குறைவான குழந்தையாக இருந்தால் கடுமையான மஞ்சள்காமாலை வந்து மூளையைப் பாதிக்கிற அளவுக்குப் போகலாம். நம் வீடுகளில் பாட்டியின் பழைய பருத்திப் புடவையை எடுத்துக் குழந்தையைச் சுற்றுகிற வழக்கம் இருக்கிறது, நல்ல வழக்கம்தான். அந்தப் புடவை பாச்சை உருண்டையோடு பீரோவில் இருந்ததென்றால் வேண்டாம். துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து, வாடை துளிகூட இல்லை என்று பார்த்த பிறகு எடுங்கள். குழந்தை பிறக்கப் போகிற வீட்டில் அந்த உருண்டையையே தூக்கிப் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

மாத்திரையே எப்போதும் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கு விழித்திரையின் மையப்பகுதி தேய்கிற நோய் நடுத்தரக் கட்டத்தில் இருந்தால், வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்பு, லூட்டீன் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கலவை அது முற்றுவதைத் தள்ளிப்போடும், பெரிய ஆராய்ச்சிகளில் நிரூபணமான விஷயம். முதலில் அந்தக் கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது, புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து என்பதால் 2013-ல் வந்த இரண்டாவது ஆராய்ச்சிக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு லூட்டீனும் ஸீயாசாந்தினும் சேர்த்தார்கள். பாராசிட்டமால் அளவு மீறி உள்ளே போய்விட்டால் ஈரலைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன குளுட்டாதையோனை ஈரலில் மறுபடி நிரப்புகிறது. இன்ன நோய், இன்ன மருந்து, இன்ன அளவு என்று தெரிந்து கொடுப்பவை இவை.

நெல்லிக்காய், முருங்கைக்கீரை, கொய்யா பற்றிக் கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், மேலே சொன்ன ஆபத்தெல்லாம் சாப்பாட்டில் வருகிற அளவுக்குக் கிடையாது. ஆனால் இந்தப் பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் இவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டு, கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற வெளிநாட்டுப் பழத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அந்த மதிப்பெண் சோதனைக்குழாயில் அளந்தது. அமெரிக்க வேளாண் துறையே தன் பட்டியலை 2012-ல் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது, அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தமில்லை, கம்பெனிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது. வைட்டமின் சியும் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் அதற்கு மேல் பெரிதாக ஏறாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும்.

புகைபிடிக்கிற அண்ணன்மார்களுக்கு: வீட்டில் இருக்கிற கேப்ஸ்யூல் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பீட்டா கரோட்டின் என்று போட்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டர் யாராவது இருந்தால் அவரிடம் நீங்கள் புகைபிடிப்பதைச் சொல்லுங்கள். அந்தக் காசுக்கு 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கலாம், அதற்குச் சீட்டு தேவையில்லை, எப்படி மெல்ல வேண்டும் என்று கடையிலேயே கேளுங்கள், சாதாரண பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் விக்கலும் குமட்டலும் வரும், நாலைந்து கடி கடித்துவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். புகையிலையை விட உதவுகிற அரசின் இலவச எண் 1800-112-356.